பி.டி. மாஸ்டர் முதல் கோச் வரை: தமிழ்நாட்டில் கூடைப்பந்துப் பயிற்சியின் வரலாறு

தமிழ்நாட்டில் கூடைப்பந்துப் பயிற்சி என்பது உடற்கல்வி ஆசிரியரின் கையில் வளர்ந்த தொழில். இந்த ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு கோச் வருவதற்கு வெகுகாலம் முன்பே, காலையில் இறைவணக்கத்துக்கு மாணவர்களை வரிசையில் நிறுத்தி, பகலில் டிரில் வகுப்பு எடுத்து, மாலையில் வாலிபாலுக்கும் கபடிக்கும் நடுவே கூடைப்பந்துக்கும் நேரம் ஒதுக்கிய பி.டி. மாஸ்டர்தான் இங்கே பயிற்றுநர். தமிழக அணிகளின் பலமும் பலவீனமும் பெருமளவு அந்தத் தொடக்கத்திலிருந்து வந்தவை.

ஆட்டம் உருவானது 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். பனிக்காலத்தில் கூடத்துக்குள்ளேயே ஆட ஏதாவது வேண்டும் என்று கேட்கப்பட்ட ஜேம்ஸ் நைஸ்மித், பீச் பழக்கூடைகள் இரண்டை மாடி விளிம்பில் மாட்டி, 13 விதிகளை எழுதி, 18 மாணவர்களை ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்து ஆடவிட்டார். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. அங்கே படித்தவர்கள் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களாகப் பல நாடுகளுக்கும் போனதால் ஆட்டமும் கூடவே போயிற்று. முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கிய டங்கன் பேட்டன்தான் 1894-இல் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

கோச் என்ற ஏற்பாட்டில் நைஸ்மித்துக்கே பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. 1898-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன அவர் அங்கே அணியைப் பார்த்துக்கொண்டாரே தவிர, உத்திகளை வகுத்து ஆட்டிவைப்பதில் ஆர்வம் காட்டவில்லை. அவர் காலத்தில் அந்த அணி 55 ஆட்டங்களில் வென்று 60-இல் தோற்றது. கூடைப்பந்து ஆடுவதற்கான ஆட்டம், அதைப் பயிற்றுவிக்க ஆள் தேவையில்லை என்று தன் மாணவர் ஃபாக் ஆலனிடம் சொன்னவர் அவர். ஆலன் கேட்கவில்லை. பல பத்தாண்டுகள் கான்சாஸ் அணிக்குக் கோச்சாக இருந்து, 1927-இல் அமெரிக்கப் பயிற்றுநர் சங்கத்தையும் நிறுவி, கோச் வேலையை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார். ஆட்டம் கல்வியின் பகுதி என்ற எண்ணம் ஒருபுறம், வெற்றிக்காகத் திட்டமிட்டுக் கற்பிக்க வேண்டிய கலை என்ற எண்ணம் மறுபுறம். சென்னைக்கு முதலில் வந்து சேர்ந்தது நைஸ்மித்தின் பக்கம்.

அதைக் கொண்டுவந்தவர் ஹாரி குரோ பக். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த இந்த அமெரிக்கர் 1919-இல் சென்னை ஒய்.எம்.சி.ஏ.வுக்கு வந்தார். 1920-இல் ஒரு சில மாணவர்களோடு உடற்கல்விப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர்பெற்ற அந்த நிறுவனமே பின்னர் சைதாப்பேட்டையை ஒட்டிய நந்தனம் வளாகத்தில் நிலைகொண்டது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியோடு மேலாளராகப் போய்வந்தவரும் பக்தான். 1943-இல் அவர் மறையும் வரை சென்னையே அவர் ஊர்.

பக்கின் கல்லூரி கூடைப்பந்துக் கோச்சுகளை உருவாக்கவில்லை. எல்லா ஆட்டங்களையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்கியது. இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் இலங்கை, பர்மாவிலிருந்தும் ஆட்கள் வந்து படித்தார்கள். மைதானத்தை அளந்து சுண்ணாம்புக்கோடு போடுவது, போட்டி அட்டவணை தயாரிப்பது, நடுவராக நிற்பது, ஒரு பெரிய வகுப்பை ஒரே கட்டளையில் நகர்த்துவது என்று அங்கே கற்றதெல்லாம் ஆசிரியருக்கு வேண்டியவை. கூடைப்பந்து அதில் ஒரு பாடம். ஆனால் அந்தப் பாடத்தோடு ஊருக்குப் போன ஆசிரியர்தான் மண்தரையில் இரண்டு கம்பம் நட்டு, பலகை அடித்து, வளையம் மாட்டினார். தமிழகத்துப் பல ஊர்களில் ஆட்டம் தொடங்கியது அப்படித்தான்.

ஒரு வகுப்பில் 40, 50 பிள்ளைகள். பந்து ஒன்றோ இரண்டோ. பயிற்சியின் வடிவத்தை முடிவுசெய்தது இந்தக் கணக்கு. முழு ஆட்டம் ஆடவிட்டால் பத்துப் பேர் ஆட, மீதிப் பேர் வெளியே உட்கார வேண்டும். ஆகவே ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வரிசையில் நிற்கவைத்துச் சொல்லித்தரும் முறை வேரூன்றியது. வலப்பக்கம் ஒரு வரிசை, இடப்பக்கம் ஒரு வரிசை. ஒருவன் லே-அப் போட, எதிர் வரிசைக்காரன் ரீபவுண்டு எடுத்துப் பாஸ் கொடுக்க, இருவரும் வரிசை மாறிக்கொள்ள வேண்டும். இன்றும் மாவட்டப் போட்டிகளில் ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப் இந்த இரட்டை வரிசையில்தான் தொடங்குகிறது.

லே-அப்பைச் சொல்லித்தரும் விதத்தில் அந்த ஆசிரிய மரபு நன்றாகத் தெரியும். வலக்கைக்காரன் பந்தைப் பிடிக்கும்போது வலது கால் தரையில். அடுத்த அடி இடது கால். அந்த இடது காலால் எம்பி, வலது முழங்காலை உயர்த்தி, பலகையில் வரைந்த கட்டத்தின் மேல்மூலையில் பந்தை மெல்ல வைத்துவிட வேண்டும். தொடக்கத்தில் பந்தே இல்லாமல் “ஒன்று, இரண்டு, எம்பு” என்ற எண்ணிக்கைக்கு வெறும் கால்வைப்பு மட்டும். கால் பழகிய பிறகுதான் பந்து கைக்கு வரும். அதற்கப்புறம் இடக்கை. இந்தப் பொறுமைதான் தமிழக ஆட்டக்காரர்களுக்கு அடிப்படையைக் கொடுத்தது. உயரத்தில் வடமாநில அணிகளுக்கு ஈடுகொடுக்க முடியாத இடத்தில், சுத்தமான கால்வைப்பும் வேகமான பாஸும்தான் கைகொடுத்தன.

அடுத்த படி மூவர் பின்னல். கோர்ட்டின் கடைக்கோட்டில் மூன்று பேர் நிற்பார்கள். நடுவில் இருப்பவன் வலப்பக்கத்தவனுக்குப் பாஸ் கொடுத்துவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஓடுவான். பந்தை வாங்கியவன் இடப்பக்கத்தவனுக்குக் கொடுத்துவிட்டு அதேபோல அவன் பின்னால் ஓடுவான். பாஸ் கொடுத்த ஆளின் பின்னால் ஓடு என்பது ஒன்றே விதி. பந்து தரையில் படாமல் 28 மீட்டர் நீளத்தையும் கடந்து எதிர் வளையத்தில் லே-அப்பாக முடிய வேண்டும். பந்து கீழே விழுந்தால் மூவரும் திரும்பி முதலிலிருந்து ஓட வேண்டும். எதிரணி திரும்புமுன் விரைந்து தாக்கும் ஃபாஸ்ட் பிரேக்குக்கு வேண்டிய மூன்று பாதைகளும் ஓட்டத்திலேயே பந்து பிடிக்கும் பழக்கமும் பிள்ளைகளுக்குத் தெரியாமலே இதில் உடம்பில் ஏறிவிடும். விளக்கவுரை எதுவும் தேவைப்படாத பயிற்சி என்பதால்தான், கோச்சுகள் எத்தனை பேர் மாறினாலும் இது மாறவில்லை.

பள்ளி ஆட்டத்துக்கு இருந்த இலக்கு குறுவட்டப் போட்டி. அதில் வென்றால் வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம். குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் என்ற பெயரில் நடக்கும் இந்த ஏணியில் ஏற, ஆசிரியருக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களில் எதைச் சொல்லித்தருவது? பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தது 2-3 ஜோன். முன்னால் இருவர், வளையத்தடியில் மூவர். ஆளைப் பார்க்காமல் இடத்தைக் காக்க வேண்டும். தூரத்திலிருந்து குறிதவறாமல் ஷூட் செய்யத் தெரியாத பிள்ளைகளுக்கு எதிராக இது கோட்டைச்சுவர். கற்பிக்கவும் எளிது, ஜெயிக்கவும் எளிது. ஆனால் ஒருவனை நேருக்கு நேர் நின்று தடுக்கும் கால்வேகம் அந்த வயதில் வராவிட்டால் பிறகு வருவதில்லை. கோப்பைக்காக ஜோனில் வளர்ந்த பல திறமையான பையன்கள் கல்லூரி ஆட்டத்தில் மேன்-டு-மேன் தடுப்புக்கு வந்ததும் தடுமாறினார்கள். பள்ளிப் பயிற்சி மரபின் மிகப் பெரிய குறை இதுதான்.

தனித் தொழிலாகக் கோச் வேலை உருவானது சுதந்திரத்துக்குப் பிறகு. ஆண்களுக்கான தேசியப் போட்டி 1934-இல் டெல்லியில் தொடங்கியிருந்தது. இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1950-இல் அமைந்தது. 1953-இல் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரிலான பயிற்சித் திட்டம் விளையாட்டுகளுக்கு வல்லுநர்களைக் கொண்டு முகாம் நடத்தும் வழக்கத்தை ஏற்படுத்தியது. 1961-இல் பாட்டியாலா மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம் (என்.ஐ.எஸ்.) திறக்கப்பட்டதும் நிலைமை அடியோடு மாறிற்று. ஒரே ஆட்டத்தை மட்டும் படித்து, அதில் டிப்ளமா வாங்கி வரலாம். “என்.ஐ.எஸ். முடித்தவர்” என்பது கோச்சின் தகுதிச் சொல்லாயிற்று. மாஸ்டருக்குப் பக்கத்தில் கோச் என்று இன்னொருவர் நிற்கத் தொடங்கினார்.

கோச்சுக்கு வேலை கொடுத்தவை நிறுவன அணிகள். பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்றவை ஆட்டக்காரர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகம் கொடுத்து அணி வைத்துக்கொண்டன. மாதச் சம்பளம் உறுதியானதால் ஒரே ஐந்தாறு பேர் பல வருடம் சேர்ந்து ஆட முடிந்தது. நகர்வுகளை முன்கூட்டியே வகுத்துவைத்து ஆடும் செட் பிளே இப்படிப்பட்ட அணிக்கே கைவரும். ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆட்கள் போய்விடும் பள்ளி அணியில் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் ஓடுவது அபூர்வம்.

அந்த உத்திகளை ஊர்களுக்குப் பரப்பியவை கோடைக்காலப் போட்டிகள். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பை, கோவையின் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, கரூரின் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை என்று மே மாதத்தை ஒட்டி அகில இந்திய அணிகள் தமிழ்நாட்டுக்குள் சுற்றிவரும். இரவு விளக்கொளியில் ராணுவ, ரயில்வே, வங்கி அணிகள் ஆட, ஊரே கேலரியில் உட்கார்ந்து பார்க்கும். பள்ளி விடுமுறையில் வந்து அமரும் உடற்கல்வி ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த வகுப்பு வேறில்லை. இன்று பெரியகுளத்தில் பார்த்த, கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போட்டுத் தொடங்கும் இன்பவுண்டு பிளே, ஜூன் மாதம் இன்னொரு ஊரின் பள்ளி மைதானத்தில் ஒத்திகைக்கு வரும். இந்த ஊர்கள் பல ஆண்டுகளாக நடத்திவரும் போட்டிகள் தமிழகக் கூடைப்பந்துக்குச் செய்த உபகாரம் எந்த அகாடமியும் செய்ததைவிடப் பெரிது.

ஒரு செட் பிளேயின் உள்வேலை எப்படி என்பதற்குப் பிக்-அண்டு-ரோல் நல்ல எடுத்துக்காட்டு. பாயிண்ட் கார்டு பந்தோடு மேலே நிற்பான். சென்டர் வளையத்தடியிலிருந்து ஓடிவந்து, கார்டைத் தடுப்பவனின் பக்கவாட்டில் கால்களை அகல ஊன்றி ஆடாமல் நிற்பான், அதுதான் ஸ்கிரீன். கார்டு சென்டரின் தோளை உரசினாற்போல டிரிபிள் செய்துகொண்டு போவான். இடைவெளி இருந்தால் தடுப்பவனும் கூடவே நுழைந்துவிடுவான் என்பதால் அந்த உரசல் முக்கியம். தடுப்பவன் சென்டர்மேல் மோதித் தங்கிவிட்டதும், சென்டர் அவனை முதுகுக்குப் பின்னால் அடைத்தபடி திரும்பி வளையத்தை நோக்கிப் போவான். இப்போது எதிரே சென்டரைக் காத்துவந்தவன் ஒருவன் மட்டும், வருகிறவர்கள் இருவர். அவன் கார்டிடம் போனால் பாஸ் சென்டருக்கு. சென்டரிடம் போனால் கார்டே லே-அப் போடுவான். ஸ்கிரீனில் மோதல் நேரும்போது சென்டர் அரை அடி நகர்ந்தாலும் நடுவர் அஃபென்சிவ் ஃபவுல் ஊதுவார். கோச் பயிற்சியில் செலவிடும் நேரமெல்லாம் அந்த அரை அடிக்காகத்தான்.

இத்தகைய உத்திகளின் தேவையைக் கூட்டியது விதிமாற்றம். சர்வதேச ஆட்டத்தில் 1956-இல் 30 விநாடிக்குள் ஷூட் செய்தாக வேண்டும் என்ற விதி வந்தது. அதற்குப்பின் முன்னிலை பெற்ற அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் கடத்த முடியவில்லை. 1984-இல் 6.25 மீட்டர் தூரத்தில் மூன்று புள்ளிக் கோடு வந்ததும், வளையத்தடியில் குவிந்து நின்ற ஜோனை வெளியிலிருந்து உடைக்க வழி பிறந்தது. 2000-இல் 30 விநாடி 24 ஆயிற்று. பாதிக் கோட்டைத் தாண்ட இருந்த 10 விநாடி 8 ஆயிற்று. இரண்டு பாதி ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு குவார்ட்டர் ஆயிற்று. இதில் பழைய முறைப் பயிற்றுநர்களைத் திணறவைத்தது 24 விநாடி. பந்தைக் கொண்டுவரவே ஆறேழு விநாடி போய்விடும். மிச்சத்தில் ஒரு திட்டம், அது பலிக்காவிட்டால் மாற்றுத் திட்டம், இரண்டும் முடிந்தாக வேண்டும். எட்டுப் பாஸ் கொண்ட நீண்ட வியூகங்கள் காலாவதியாகி, விரலைக் காட்டியோ எண்ணைச் சொல்லியோ தொடங்கும் குறுகிய பிளேக்கள் வந்தன. 2010-இல் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனபோது ஷூட்டிங் பயிற்சியின் தூரங்களும் மாறின.

அணிப் பண்பாடு என்று இன்று நூல்கள் பேசுவது தமிழகத்தில் எழுதப்படாமல் புழக்கத்தில் இருந்தது. கோர்ட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, மழைநீர் தேங்கினால் ஜூனியர்கள் துடைப்பத்தோடு முதலில் இறங்குவது, ஆயுத பூஜைக்குப் பந்துகளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது, ஊருக்கு விடுமுறையில் வரும் சீனியர் ஜூனியரோடு ஆடிக் காட்டி நுணுக்கம் சொல்லித்தருவது எல்லாம் அதில் அடக்கம். சீனியருக்குத் தரும் மரியாதை அணியைக் கட்டிக்காத்தது. அதே மரியாதை சில இடங்களில் கேடாகவும் முடிந்தது: காலியாக நிற்கும் ஜூனியருக்குப் பாஸ் போகாது, “பந்தை எனக்குக் கொடுங்க அண்ணா” என்று கேட்கவும் வாய் வராது. நல்ல கோச்சுகள் ஆட்டத்துக்குள் குரல் கொடுப்பதைக் கட்டாயப் பயிற்சியாகவே வைத்தது இதனால்தான். ஸ்கிரீன் வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லாத அணி எந்தத் தடுப்பிலும் நிலைக்காது.

பெண்கள் ஆட்டத்தில் நிறுவன அணிகளின் பலன் நன்றாகத் தெரிகிறது. சென்னையில் வளர்ந்து தெற்கு ரயில்வேயில் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். தொடர்ந்து ஒன்பது ஆசியக் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். குழந்தை பிறந்த பிறகும் ஆட்டத்துக்குத் திரும்பியவர் அவர். கேரளத்திலிருந்து வந்து அதே தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியக் கிளப் ஆட்டம் வரை போனார். இருவருக்கும் பின்னால் இருந்தது ஒரே ஏற்பாடு: நிரந்தர வேலை, விடியற்காலைப் பயிற்சி, பல வருடம் கலையாத அணி.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த வரலாற்றின் பல அடுக்குகளையும் ஒருசேரப் பார்க்கலாம். 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் விடுதிகளுக்கிடையே மூண்ட விளையாட்டுப் போட்டி உணர்வு மிஷன் காலத்துக் கல்வி மரபின் தொடர்ச்சி. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005-இல் செயல்படத் தொடங்கியது. பக் தொடங்கிய கல்லூரியும் இன்று அதன் இணைப்பில்தான் இருக்கிறது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டணச் சலுகை கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்க்கின்றன. முன்பு வங்கியும் ரயில்வேயும் செய்ததில் ஒரு பங்கை இவை ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

கல்பாக்கத்தை ஒட்டிய அணுபுரம் இன்னொரு வகை. கல்பாக்கத்தில் 1971-இல் அணு உலை ஆராய்ச்சி மையம் அமைந்து, 1980-களில் சென்னை அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கியதை அடுத்து வளர்ந்த அணுசக்தித் துறைக் குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. வெவ்வேறு மாநிலத்துக் குடும்பங்கள் ஒரே இடத்தில் வாழ்வதும், அணுசக்தி மத்தியப் பள்ளி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதும் இத்தகைய ஊர்களின் சிறப்பு. மாலையில் பிள்ளைகளை ஒன்றுசேர்க்கப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் நுழைவுத்தேர்வுப் படிப்பு ஆட்டத்தை விழுங்கிவிடும். இந்தக் கரையோரத்தில் திறந்தவெளிக் கோர்ட்டுகளுக்குக் கடலும் ஒரு கணக்கு வைக்கிறது. பிற்பகலில் கிழக்கிலிருந்து எழும் கடற்காற்றில் தூர ஷாட்டுகள் விலகும். உப்புக் காற்றில் வளையமும் கம்பமும் சீக்கிரம் துருவேறும். ஷூட்டிங்கைக் காற்று எழாத காலையிலும், பாஸ், லே-அப், தடுப்புப் பயிற்சிகளை மாலையிலும் வைப்பதே இங்கே நடைமுறை அறிவு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திறந்த கோர்ட்டில் பயிற்சி நாட்கள் பாதியாகக் குறையும். உள்விளையாட்டரங்கம் உள்ள கல்லூரிக்கும் அது இல்லாத பள்ளிக்கும் இடையிலான வித்தியாசம் அப்போதுதான் உறைக்கும்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் தேசிய அணிக்கு வெளிநாட்டுக் கோச்சுகள் வந்தார்கள். கென்னி நாட், ஸ்காட் ஃபிளெமிங் என்ற அமெரிக்கர்களும் செர்பியாவின் வெசலின் மாட்டிச்சும் அவர்களில் சிலர். ஃபிளெமிங் காலத்தில், 2014 ஜூலையில் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை 65-58 என்று வென்றது. இந்த முகாம்களுக்குப் போய்வந்த தமிழக ஆட்டக்காரர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எதிரணியை ஆராயும் பழக்கத்தையும், நிமிடக் கணக்கில் எழுதப்பட்ட பயிற்சித் திட்டத்தையும் கொண்டுவந்தார்கள். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளிலும் பெரிய கல்லூரிகளிலும் இவை வழக்கத்துக்கு வந்துவிட்டன. அரசுப் பள்ளிகளில் இன்றும் பல ஆட்டங்களையும் ஒரே உடற்கல்வி ஆசிரியர்தான் பார்த்துக்கொள்கிறார். விடுதித் தேர்வுக்கு வரும் பையனுக்கும் பெண்ணுக்கும் லே-அப்பின் கால்வைப்பை முதலில் சொல்லிக்கொடுத்தவர் பெரும்பாலும் அவராகவே இருக்கிறார்.